தொடர்மாடிக் கூரையில் 6500 கெல்வின் ஃப்ளட் லைற்: முகாமைத்துவக் குழுவிடம் எதை வைத்துக் கதைப்பது?

மேல்மாடி கேட்டது:

வணக்கம். வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடற்பக்கமாக உள்ள ஐந்து மாடித் தொடர்மாடி. மொட்டை மாடியின் அரைச்சுவரில் 12 ஃப்ளட் லைற் பூட்டுவதற்கு முகாமைத்துவக் குழு கொட்டேசன் எடுத்திருக்கிறது. ஒவ்வொன்றும் 50 வோற்ஸ், 6500 கெல்வின் 'டே லைற்'. வெளிப்பக்கம் பார்த்தபடி பூட்டி, மாலை 6.30 முதல் காலை 5.30 வரை எரியவிடுவதாகத் திட்டம். காரணம் பாதுகாப்பு.

மொட்டை மாடியிலிருந்து இப்போதே ஓரியனும் பிரகாசமான சில நட்சத்திரங்களும்தான் தெரிகின்றன. இந்த லைற் வந்தால் அதுவும் போய்விடும். வாகனத் தரிப்பிடத்துக்கும் வாசலுக்கும் வெளிச்சம் வேண்டும் என்பதில் மறுப்பில்லை, அதை வேறு விதமாகச் செய்யலாம் என்று கூட்டத்தில் காட்ட வேண்டும். வானம் அழகு என்று மட்டும் சொன்னால் எடுபடாது. எந்த விளக்கு, எத்தனை வோற்ஸ், எந்த உயரம், எந்தச் சாய்வு? முன்னும் பின்னும் வித்தியாசத்தை எப்படி அளப்பது? 'வெளிச்சம் குறைந்தால் கள்ளன் வருவான்' என்பதற்கு என்ன பதில்?

மின்குமிழ் எழுதியது:

அந்தக் கொட்டேசனில் மூன்று பிழைகள் இருக்கின்றன: சாய்வு, உயரம், நிறம். வோற்ஸ் அதற்குப் பிறகுதான்.

சாய்வு. கடையில் விற்கும் ஃப்ளட் லைற் பெரும்பாலும் 120 பாகை அகலத்துக்கு ஒளியை விரிக்கும், அதாவது நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 60 பாகை. முகக் கண்ணாடி நேரே எதிர்வீட்டைப் பார்த்தால் ஒளியில் பாதி அடிவானத்துக்கு மேலே போகிறது. 45 பாகை கீழே சாய்த்தாலும் மேல் விளிம்பு ஒளி அடிவானத்துக்கு 15 பாகை மேலே போகும். வானத்துக்கு மிகக் கெடுதலானது இந்தத் தாழ்ந்த கோணத்து ஒளிதான். நேர் மேலே போகும் ஒளி காற்றுமண்டலத்தைச் சீக்கிரம் கடந்துவிடும். அடிவானத்தை ஒட்டிப் போவது காற்றுக்குள்ளேயே பல கிலோமீற்றர் ஓடி, வழி முழுவதும் சிதறும். கண்ணாடி தரைக்குச் சமாந்தரமாக இருந்தால் மேலே போகும் ஒளி பூச்சியம். ஃப்ளட் லைற்தான் வேண்டும் என்று குழு பிடிவாதமாக நின்றால், குறைந்தபட்சம் இந்த ஒன்றையாவது எழுத்தில் வாங்குங்கள்.

உயரம். ஐந்து மாடி என்றால் கூரை ஏறக்குறைய 16 மீற்றர். தூரம் கூடக் கூட வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்தில் குறையும். 3 மீற்றர் உயரத்திலிருந்து தரைக்குக் கிடைக்கும் அதே வெளிச்சத்தை 16 மீற்றரிலிருந்து கொடுக்க ஒளிச்செறிவு 28 மடங்கு வேண்டும். மிச்சமெல்லாம் அயல்வீட்டுப் படுக்கையறைக்கும் கடலுக்கும் போகிறது. விளக்கைக் கூரையிலிருந்து இறக்கி, வெளிச்சம் தேவையான இடத்துச் சுவரிலேயே 3 மீற்றரில் வையுங்கள்.

நிறம். கெல்வின் எண் கூடக் கூட வெள்ளை ஒளி நீலப் பக்கம் சாயும், குறையக் குறைய மஞ்சளாகும். 6500 கெல்வின் எல்.ஈ.டி.யில் 450 நனோமீற்றர் அலைநீளத்தில் நீல ஒளி ஊசிபோல் உயர்ந்து நிற்கும். காற்று மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பது அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில். கணக்குப் போட்டால் 450 நனோமீற்றர் நீலம், 590 நனோமீற்றர் மஞ்சளைவிட மூன்று மடங்கு அளவுக்குச் சிதறுகிறது. இருட்டுக்குப் பழகிய கண்ணும் நீலப் பக்கத்துக்கே அதிகம் கூசும். பெட்டியில் 3000 கெல்வின் அல்லது 2700 கெல்வின் என்று அச்சிட்டிருப்பதை வாங்குங்கள். 'வோர்ம் வைற்' என்று வாயால் கேட்டு 4000ஐ வாங்கிவிடக் கூடாது.

மாற்றுத் திட்டத்துக்கான எண்கள்: கீழ்நோக்கி மட்டும் ஒளி விடும் 10 வோற்ஸ் சுவர் விளக்கு 10. ஒவ்வொன்றும் 900 லூமென் (விளக்கு வெளிவிடும் மொத்த ஒளி) அளவு, 3 மீற்றர் உயரம், 7 அல்லது 8 மீற்றர் இடைவெளி. தரையில் சராசரியாக 10 லக்ஸ் (பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) கிடைக்கும். வாகனம் திருப்பவும் படி பார்த்து நடக்கவும் அது தாராளம். முழுநிலவு தருவது அதிகபட்சம் 0.3 லக்ஸ் மட்டுமே. மின்கணக்கு: குழுவின் திட்டம் 0.6 கிலோவோற், 11 மணித்தியாலம், இரவுக்கு 6.6 யூனிட், மாதத்துக்கு 198 யூனிட். மாற்றுத் திட்டம் இரவுக்கு 1.1, மாதத்துக்கு 33. கூட்டத்தில் முதலில் இந்த இரண்டு எண்களையும் பலகையில் எழுதுங்கள், வானம் பற்றிப் பிறகு கதைக்கலாம்.

வாங்கும்போது கவனிக்க: மேலும் கீழும் இரண்டு பக்கமும் ஒளி விடும் உருளை விளக்குகள் அழகுக்காக நிறைய விற்கிறார்கள், அவை வேண்டாம். பால்நிறக் குமிழ் மூடி போட்டவை எல்லாத் திசையிலும் ஒழுகும். தூசியும் மழைத்தண்ணீரும் புகாத ஐ.பி. 65 தரம் வேண்டும். கடலுக்கு இவ்வளவு கிட்ட இருப்பதால் சாதாரண இஸ்குரூ ஒரு தென்மேல் பருவம் முடிவதற்குள் துருப்பிடித்து இறுகிவிடும், துருப்பிடிக்காத எஃகுதான் சரி. வயர் விளக்குக்குள் கீழிருந்து நுழையட்டும். நுழைவதற்கு முன் வயரைச் சற்றுத் தொங்கவிட்டு வளைத்தால் மழைநீர் வயர்வழியே உள்ளே போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

ஏற்கனவே இருக்கும் சாதாரண மின்குமிழ்களுக்குக் கையாலேயே மறைப்புச் செய்யலாம். 110 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாயில் 18 சென்ரிமீற்றர் துண்டு, உட்பக்கம் மினுக்கமில்லாத கறுப்புப் பெயின்ற். மின்குமிழின் அடி, குழாயின் விளிம்பிலிருந்து 5 சென்ரிமீற்றர் உள்ளே நிற்க வேண்டும். அப்போது ஒளி செங்குத்திலிருந்து 60 பாகைக்கு மேல் எழும்பாது. மேற்பக்கம், ஹோல்டரின் கழுத்தை ஒட்டி 8 மில்லிமீற்றர் துளை ஆறு போடுங்கள், சூடு வெளியேற. மின்குமிழ் 7 வோற்ஸுக்கு மேல் போகக் கூடாது. 12, 15 வோற்ஸ் குமிழை இதற்குள் வைத்தால் உள்ளே மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சுற்றான டிரைவரின் கப்பாசிற்றர் சூட்டில் வரண்டு சீக்கிரமே செத்துவிடும். அதைக் கண்டு 'மறைப்புப் போட்டால் பல்ப் போகிறது' என்று எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள்.

கார்த்திகை ஆறு எழுதியது:

அளப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். வானத்தின் பிரகாசம் ஒன்று, விளக்கிலிருந்து நேரே கண்ணில் விழும் கூச்சம் இன்னொன்று. கொழும்புக்கு மேலே கவிந்து நிற்கும் வெளிச்சம் முழு நகரமும் சேர்ந்து எழுப்பியது. ஒரு கட்டடம் மாறியதால் உச்சி வானத்தின் அளவு மாறியதாக எந்தக் கருவியும் காட்டாது. ஆகவே 'பால்வீதி தெரியும்' என்று கூட்டத்தில் வாக்குக் கொடுக்காதீர்கள். உங்களால் மாற்ற முடிந்தது கூச்சம். அதுவே பெரிய காரியம்: கூச்சம் இல்லாத மொட்டை மாடியில் 20, 30 நிமிடம் நின்றால் கண் பழகி, இப்போது தெரியாத நட்சத்திரங்கள் பல வெளிவரும்.

கூச்சத்தை அளக்க லக்ஸ் மீற்றர் போதும். 0.1 லக்ஸ் வரை காட்டுவதாக இருக்க வேண்டும். கைத்தொலைபேசியின் சென்சர் இவ்வளவு மங்கலில் நம்பத் தகாது. அயல்வீட்டு யன்னலில் மீற்றரைச் செங்குத்தாக, விளக்கைப் பார்த்தபடி பிடித்து, விளக்கு எரியும்போது ஒன்று, அணைத்து ஒன்று எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த விளக்கின் பங்கு. கூடவே கமராவில் படம்: முக்காலி, 8 விநாடி, ஐ.எஸ்.ஓ. 800, எஃப் 2.8, கமரா திருத்தாத றோ கோப்பு, வெண்சமநிலை தானாக மாறாமல் நிலையாக. தொலைபேசியின் இரவுப் படமுறை தானாகவே வெளிச்சத்தைச் சரிக்கட்டிவிடும், அதனால் ஒப்பிட உதவாது.

வானத்தின் பிரகாசத்துக்கு எஸ்.கியூ.எம். என்ற கையடக்கக் கருவி இருக்கிறது. சதுர வில்விநாடிக்கு (வானத்தின் மிகச் சிறிய ஒரு சதுரத் துண்டுக்கு) இத்தனை மக்னிடியூட் (பிரகாச அளவு) என்று எண் தரும், எண் கூடினால் இருட்டுக் கூடுகிறது. ஒளிமாசு இல்லாத வானம் ஏறக்குறைய 22, பெருநகர மையங்கள் 17, 18 அளவில். ஐந்து மக்னிடியூட் வித்தியாசம் என்பது 100 மடங்கு, ஆகவே 18 காட்டும் வானம் 22 காட்டுவதைவிட 40 மடங்கு வெளிச்சமானது. அமாவாசையை ஒட்டிய இரவில், சூரியன் மறைந்து குறைந்தது ஒன்றேகால் மணித்தியாலம் கழித்து, உச்சியைப் பார்த்துப் பிடியுங்கள். முதல் அளவை விட்டுவிட்டு அடுத்த ஐந்தின் நடு எண்ணை எழுதுங்கள். பக்கத்துச் சுவரோ விளக்கோ கருவியின் பார்வைக்குள் வந்தால் எண் கெட்டுவிடும்.

கொழும்பில் எல்லோருக்கும் பிழைப்பது முகில். காட்டுக்குள் முகில் வந்தால் வானம் இன்னும் இருட்டாகும். நகரத்தில் அதே முகில் கீழிருந்து போகும் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து, வானத்தைப் பல மடங்கு வெளிச்சமாக்கும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உயர்முகில்கூட எண்ணை மாற்றும். முகில் நிலையைக் குறிக்காத அளவைத் தூக்கி எறியலாம்.

கருவி இல்லாமலே செய்யும் சோதனை ஒன்று எனக்கு மிகப் பிடித்தது. ஜனவரி, பெப்ரவரி முன்னிரவில் கார்த்திகைக் கூட்டம் தலைக்கு மேலே, சற்று வடக்கே நிற்கும். அதன் ஆறு நட்சத்திரங்களின் பிரகாசம் மக்னிடியூட்டில் 2.9, 3.6, 3.7, 3.9, 4.2, 4.3 (எண் கூடினால் மங்கல்). எத்தனை எண்ண முடிகிறதோ அதுவே உங்கள் வானத்தின் எல்லை. ஒன்றிரண்டு மட்டும் தெரிந்தால் எல்லை 3.5 சொச்சம். ஆறும் பிரிந்து தெரிந்தால் 4.3ஐத் தாண்டிவிட்டீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் அருந்ததியை வைத்துப் பார்க்கலாம்: வசிட்டர் 2.2, அருந்ததி 4.0. ஆனால் அது வடக்கு வானம். வெள்ளவத்தையிலிருந்து வடக்கே கொள்ளுப்பிட்டி, கோட்டைப் பக்கத்து வெளிச்சம் முழுவதும் நிற்கிறது. உங்களுக்கு இருட்டான பக்கம் மேற்கு, கடல். கலியாண மேடையில் அருந்ததி காட்டும் சனம் நாங்கள். நகரத்துப் பிள்ளைகள் உண்மையான அருந்ததியை ஒரு முறையாவது வெறுங்கண்ணால் காண வேண்டாமா?

எண்ணியதை, பொதுமக்கள் கண்ட நட்சத்திரங்களைச் சேகரிக்கும் 'குளோப் அற் நைற்' திட்டத்துக்கு அனுப்புங்கள். உலகெங்கும் இப்படி வந்த 50,000க்கு மேற்பட்ட பதிவுகளிலிருந்துதான் 2011 முதல் 2022 வரை இரவு வானம் ஆண்டுக்குச் சராசரி 9.6 வீதம் வெளிச்சமாகி வந்திருக்கிறது என்று 2023இல் தெரியவந்தது. எட்டு ஆண்டுக்குள் இரட்டிப்பாகும் வேகம் அது. செய்மதி வரைபடங்கள் அவ்வளவு காட்டவில்லை. அந்த வரைபடங்களுக்குத் தரவு தரும் வி.ஐ.ஐ.ஆர்.எஸ். உணரி 500 நனோமீற்றருக்குக் கீழே உள்ள நீலத்தைப் பார்ப்பதில்லை என்பது ஒரு காரணம். மஞ்சள் சோடியம் விளக்கை வெள்ளை எல்.ஈ.டி. ஆக்கிய வீதி, வரைபடத்தில் இருண்டதுபோலக்கூடத் தெரியலாம்.

காவல் கமரா எழுதியது:

பாதுகாப்புக் கேள்விக்குப் பதிலை வாயால் சொல்லாதீர்கள், செய்து காட்டுங்கள். குழுவில் இருவரை இரவில் ஒரு ஃப்ளட் லைற்றுக்கு எதிரே 10 மீற்றரில் நிற்க வையுங்கள். விளக்கின் அடியில் சுவரோரமாக ஒருவர் நிற்கட்டும். தெரியாது. பிறகு பார்ப்பவர் உள்ளங்கையை உயர்த்தி விளக்கை மட்டும் மறைத்தால், நிற்கும் ஆள் உடனே தெரிவார். கண்மணி அந்தப் பிரகாசத்துக்குச் சுருங்கியதும், கண்ணுக்குள்ளேயே ஒளி சிதறி ஒரு திரை போட்டதும்தான் காரணம். கள்ளனுக்கு ஒளிந்துநிற்க நிழல் அமைத்துக் கொடுப்பது அந்த விளக்கு.

கமராவுக்கும் இதே கதை. விளக்கு கமராவின் முதுகுப் பக்கமோ தலைக்கு மேலோ இருக்க வேண்டும், படத்துக்குள் வரக் கூடாது. வந்தால் முகம் கறுத்துப் பின்னணி வெளுத்துவிடும். 850 நனோமீற்றர் அகச்சிவப்பு உள்ள கமராக்களுக்கு வெள்ளை வெளிச்சமே தேவையில்லை. ஆனால் அந்தச் சூட்டுக்குச் சிலந்தி வந்து லென்சில் வலை கட்டும், இரண்டு கிழமைக்கு ஒருக்கால் துடைக்க ஆள் வேண்டும்.

ஆய்வு கேட்டால்: இங்கிலாந்து, வேல்ஸில் 62 உள்ளூராட்சிப் பகுதிகளின் தரவை வைத்து 2015இல் வெளியான ஆய்வில், வீதி விளக்குகளை நள்ளிரவுக்குப் பின் அணைத்ததாலோ மங்கலாக்கியதாலோ குற்றமும் விபத்தும் கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அது வீதிகளைப் பற்றியது, தொடர்மாடியைப் பற்றியதல்ல என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். மறைத்தால் மற்ற எண்களையும் சந்தேகிப்பார்கள்.

மேல்மாடி எழுதியது:

மிக்க நன்றி. 198க்கு 33 யூனிட் என்பதே பாதிக் கூட்டத்தைத் திருப்பும். பின்பக்க ஒழுங்கைக்கு மோஷன் சென்சர் போடலாம் என்று ஒருவர் சொல்கிறார். கொழும்புச் சூட்டில் அது சரிவராது என்கிறார் இன்னொருவர். எது சரி? மற்றது, பிள்ளைகளுக்குப் பால்வீதியைக் காட்டக் கொழும்பிலிருந்து எப்போது, எங்கே போவது நல்லது?

மின்குமிழ் எழுதியது:

இரண்டு பேரும் சரி. சென்சர் பார்ப்பது அசைவை அல்ல, பின்னணிக்கும் உடம்புக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தின் அசைவை. பகலெல்லாம் காய்ந்த மதில் முன்னிரவிலும் சூடாக இருக்கும்போது ஆளுக்கும் மதிலுக்கும் வித்தியாசம் குறைந்துவிடும். பெட்டியில் 12 மீற்றர் என்று போட்டிருந்தால் 5, 6 மீற்றர் என்று நினைத்துத் திட்டமிடுங்கள். 2.2 முதல் 2.5 மீற்றர் உயரம். ஆள் சென்சரை நோக்கி நேரே வருவதைவிடக் குறுக்கே கடக்கும்படி வைத்தால் நன்றாகப் பிடிக்கும். ஏ.சி.யின் வெளிப்பெட்டி சூட்டுக்காற்று ஊதும் பக்கம் திருப்பக் கூடாது, இரவு முழுவதும் எரியும்.

மூன்று வயர் உள்ள ரிலே (மின்னால் இயங்கும் சுவிட்ச்) வகை வாங்குங்கள்: லைவ், நியூட்ரல், விளக்குக்குப் போவது. இரண்டு வயர் வகை எல்.ஈ.டி.க்கு ஒத்துவராது, அணைந்த பிறகும் கசியும் மின்னில் மங்கலாக மினுங்கும். ஒரே சென்சரில் பல எல்.ஈ.டி.யைக் கோத்தால், எரியத் தொடங்கும் கணத்து மின்பாய்ச்சலில் ரிலேயின் தொடுமுனை ஒட்டிப்போய் விளக்கு அணையாமலே நிற்கும். ஒரு சென்சருக்கு இரண்டு, மூன்று விளக்குப் போதும். எரியும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகியை 1 அல்லது 2 நிமிடத்தில் வையுங்கள். லென்சில் பல்லி ஓடுவதும் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டுவதும் இங்கே வழமை, வயர் துளையை சிலிக்கோனால் அடையுங்கள். வேலைக்கு முன் ட்ரிப் சுவிட்சை இறக்குங்கள். தெரிந்த மின்வேலையாளே செய்யட்டும்.

இன்னொன்று: நீலம் குறைந்த விளக்குக்குப் பூச்சி குறைவாக வரும். மழை விட்ட இரவில் ஈசல், அதைத் தின்னப் பல்லி, பிறகு சுவரெல்லாம் எச்சம். கூட்டிப் பெருக்குபவருக்கு இது புரியும்.

கரைவலை எழுதியது:

ஒக்டோபரில் ஆறுமணிக்குருவி இந்தியாவிலிருந்து இரவில் பறந்து இங்கே வந்து இறங்கும். இரவில் வலசை போகும் பறவைகளைப் பிரகாசமான விளக்கு திசைமாற்றி இழுக்கும். கட்டடங்களில் மோதி மயங்கிக் கிடப்பது அதனால்தான் கூடுகிறது. ஒக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் இரவு 11க்குப் பின் கூரை விளக்குகளை முற்றாக அணைக்கும்படி திட்டத்தில் ஒரு வரி சேருங்கள்.

கொஸ்கொட, றெக்கவ பக்கம் வீடோ விடுதியோ வைத்திருப்பவர்கள் இதை வாசித்தால்: உங்களுக்கு 2700 கெல்வின் போதாது. இலங்கைக் கரைகளில் ஐந்து இனக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. குஞ்சு பொரித்ததும் வெளிச்சமான, தாழ்ந்த அடிவானத்தை நோக்கித்தான் ஓடும். இயற்கையில் அது கடல். கரையில் விளக்கு எரிந்தால் வீதிக்கு ஓடி நசிபடும். 560 நனோமீற்றருக்கு மேற்பட்ட ஒளி மட்டும் தரும் செம்மஞ்சள் எல்.ஈ.டி., கடற்கரையிலிருந்து பார்த்தால் குமிழே தெரியாதபடி மறைப்பு, இரண்டும் வேண்டும்.

கார்த்திகை ஆறு எழுதியது:

பால்வீதிக்கு இரண்டு பருவம். பால்வீதியின் மையம் தனுசுப் பக்கம் இருக்கிறது. எங்கள் அகலாங்கிலிருந்து அது உச்சத்தில் 54 பாகை வரை ஏறும், ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை முன்னிரவிலேயே நன்றாக நிற்கும், ஆனால் அப்போது கொழும்பில் தென்மேல் பருவ முகில். அதே மாதங்களில் கிழக்கு காய்ந்து கிடக்கும். ஆகவே மட்டக்களப்புக்கு வடக்கே பாசிக்குடா, திருகோணமலைக்கு அப்பால் உள்ள கரைகள், முல்லைத்தீவு. கடலில் வெளிச்சம் பாய்ச்சி மீன்பிடிக்கும் படகுகள் நின்றால் கிழக்கு அடிவானம் கெடும், தெற்குப் பார்க்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள்.

மற்றப் பருவம் பெப்ரவரி, மார்ச். மேற்குக் கரை தெளிவாக இருக்கும்: கல்பிட்டி, மன்னார். மையம் விடிகாலையில்தான் எழும். பெப்ரவரி கடைசியில் 4 மணிக்குத் தென்கிழக்கே போதிய உயரம் வந்துவிடும்.

போயா விடுமுறையில் போகாதீர்கள், அன்று முழுநிலவு. அமாவாசைக்கு முன்பின் நாலு நாள்தான் கணக்கு. வில்பத்து, ஹபரணைப் பக்கம் வீதியோரம் வாகனத்தை நிறுத்தி வானம் பார்ப்பது வேண்டவே வேண்டாம், யானை வரும் சத்தம் கேட்காது. தங்கும் விடுதியின் முற்றத்தில் பாருங்கள், வெளி விளக்கை அணைக்கச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள். வாகனத்தின் உள்விளக்கையும் பின்கதவு விளக்கையும் மறைத்துவிடுங்கள். ஒரு முறை எரிந்தால் பழகிய கண் திரும்பப் பழக இன்னும் அரை மணித்தியாலம். ஏ.சி. அறையிலிருந்து தொலைநோக்கியை, கமராவை அப்படியே வெளியே எடுத்தால் லென்சில் ஈரம் படியும். பையைத் திறக்காமல் முக்கால் மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு எடுங்கள்.

மேல்மாடி எழுதியது:

கடைசியாக ஒன்று. எதிரே உள்ள வீதி விளக்கு நேரே மொட்டை மாடிக்கு அடிக்கிறது. அதை என்ன செய்வது?

மின்குமிழ் எழுதியது:

வீதி விளக்கு மாநகர சபையின் பொறுப்பு. நீங்களே அட்டை கட்டவோ பெயின்ற் அடிக்கவோ போகாதீர்கள், அது மின்கம்பம். கம்பத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தைக் குறித்து, பகலில் ஒரு படம், இரவில் உங்கள் பக்கத்திலிருந்து ஒரு படம் சேர்த்துக் கடிதம் கொடுங்கள். விளக்கை அணைக்கச் சொல்லாதீர்கள், அது வீதியில் நடப்பவருக்குத் தேவை. கேட்க வேண்டியவை இரண்டு: தலைப்பகுதி தரைக்குச் சமாந்தரமாக இருக்கிறதா என்று பார்த்துத் திருத்துவது, வீட்டுப் பக்கத்துக்குப் பின்மறைப்புத் தகடு பூட்டுவது. பல கம்பங்களில் கை மேல்நோக்கி வளைந்திருப்பதால், எல்.ஈ.டி. தலையை அதிலேயே பூட்டும்போது விளக்கும் சேர்ந்து 10, 15 பாகை நிமிர்ந்துவிடுகிறது. இணைப்பில் சாய்வைச் சரிசெய்யும் பூட்டு இருந்தால் அதைத் தளர்த்தித் திருப்புவது சில நிமிட வேலை.